கதிரையில் இருந்தால் ஐந்து புள்ளி

நல்ல பராமரிப்பு என்றால் என்ன என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்றும் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. கிளிநொச்சிச் சனமும் முல்லைத்தீவுக் கரையோரச் சனமும் இடம்பெயர்ந்து, உடையார்கட்டைச் சுற்றியிருந்த காணிகளிலும் காட்டோரங்களிலும் கொட்டில் போட்டிருந்தார்கள். ஷெல் பட்டுப் படுக்கையில் விழுந்தவர்கள், பாரிசவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள், வயது போய் முடங்கியவர்கள் என்று ஒவ்வொரு குடியிருப்பிலும் சிலர் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. அவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்க்க அரசாங்கப் பணத்தில் ஒரு சிறு திட்டம் வந்தது. பயிற்சி எடுத்த பெண்கள் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் புண் கழுவிக் கட்டுவார்கள், உடம்பு துடைப்பார்கள், புரட்டிப் படுக்க வைப்பார்கள். அது ஒழுங்காக நடக்கிறதா என்று மாதத்துக்கு ஒரு முறை போய் அளந்து எழுதுவது என் வேலை.

படிவத்தை நானேதான் தயாரித்தேன். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. வீடு துப்புரவா, உடுப்பு துப்புரவா, கெட்ட மணம் உண்டா, படுக்கைப் புண் உண்டா, பராமரிக்கும் பெண் நேரத்துக்கு வருகிறாரா, குறை ஏதும் உண்டா என்று அது போகும். கடதாசி கிடைக்காத காலம். பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் ரோனியோ அடித்து எடுத்தோம். முன்பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை பிழை விட்டிருக்கும். பின்பக்கத்தில் நான் விட்டிருப்பேன்.

பத்தில் ஒரு கேள்வி முழுக்க என் சொந்தச் சரக்கு. நோயாளி எழுந்து உட்காருகிறாரா? படுத்தபடி இருந்தால் ஒரு புள்ளி, கதிரையில் இருந்தால் ஐந்து. படுக்கையில் கிடந்த ஒருவர் கதிரைக்கு வந்துவிட்டால் அதைவிடப் பெரிய முன்னேற்றம் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இன்னொரு விதியும் என் மண்டையில் உதித்ததுதான். நான் அளக்கப் போகும் நாளில் பராமரிக்கும் பெண் அந்தக் குடியிருப்புப் பக்கமே வரக்கூடாது. அவர் பக்கத்தில் நின்றால் சனம் வாய் திறந்து குறை சொல்லாது அல்லவா? மேலதிகாரி இதைக் கேட்டுவிட்டு என் முதுகில் தட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்து போனது.

மூன்று மாதம் தொடர்ந்து நல்ல புள்ளி எடுத்த வீட்டுக்கு நாளாந்த வருகை நின்றுவிடும், கிழமைக்கு ஒருமுறை போனால் போதும். மிஞ்சும் நேரத்தில் அந்தப் பெண் காத்துக் கிடக்கும் இன்னொரு வீட்டுக்குப் போகலாம். பெண்கள் கொஞ்சப் பேர், வீடுகளோ எக்கச்சக்கம். வேறு வழி இருக்கவில்லை. இது நியாயமான ஏற்பாடு என்றுதான் இப்போதும் சொல்வேன். சொல்லும்போது வாய் கசக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வீடு குடியிருப்பின் கடைசியில் இருந்தது. மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து எழுபதுகளில் அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிப் பயிர் செய்து, கொஞ்சம் நிமிர்ந்த நேரத்தில் மறுபடியும் இடம்பெயர்ந்த ஒரு கணவனும் மனைவியும். பிள்ளைகள் இல்லை. மனைவிக்கு ஐம்பது வயதிருக்கும். இடம்பெயர்ந்து வரும் வழியில் ஷெல் துண்டு முதுகெலும்பில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போயிருந்தது.

அவர்களிடம் நாளாந்தம் போய் வந்தவர் முல்லைத்தீவுக் கடற்கரையைச் சேர்ந்த ஓர் அக்கா. கணவனைக் கடலில் பறிகொடுத்தவர். கழுத்தில் செபமாலை, கடற்காற்றுக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய உரத்த குரல். மருந்தும் பஞ்சும் சவர்க்காரமும் ஒழுங்காக வராத அந்த நாட்களில் அவர் பழைய சேலையைக் கிழித்து, அவித்து, வெயிலில் காயவைத்துக் கட்டுத்துணியாக்கினார். உரப்பைகளில் உமி அடைத்து நாலு மூட்டை தைத்திருந்தார். அவற்றை முதுகுக்கும் காலுக்கும் முண்டு கொடுத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கக் கணவனையும் பழக்கியிருந்தார். உணர்ச்சியில்லாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் தசை அழுகிவிடும். ஏற்கெனவே பின்பக்கத்தில் ஒரு புண் இருந்தது. அதை அவர் நாள் தவறாமல் கழுவிக் கழுவி ஆற்றிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் படிவத்தில் உமி மூட்டைக்கு இடம் இருக்கவில்லை. நான் போகும் நாளில் மூட்டைகளைக் கொட்டிலின் பின்னால் கொண்டுபோய் மறைத்து வைத்துவிடுவார்கள். வீடு ஒழுங்காகத் தெரிய வேண்டுமே.

நான் முதல் முறை போனபோது அந்த அம்மா கதிரையில் இருந்தார். ஒரு கைப்பிடி உடைந்து கம்பி சுற்றிய மரக்கதிரை. துவைத்த சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றியில் பொட்டு. இரண்டு கையாலும் கதிரையை இறுக்கிப் பிடித்திருந்தார். முகம் வியர்த்திருந்தது. தறப்பாள் கூரைக்குக் கீழே யாருக்குத்தான் வியர்க்காது? நிலம் அன்று காலை மெழுகியது. சாம்பிராணிப் புகை வீடு முழுக்க. கெட்ட மணம் இல்லை என்று எழுதி ஐந்து போட்டேன்.

கணவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றார். புண் இருக்கிறதா என்று கேட்டேன். ஆறிவிட்டது என்றார். நான் ஆம்பிளை. அந்நியப் பெண்ணின் சேலையை விலக்கிப் பார்ப்பது எப்படி? கணவனின் வாய்ச்சொல்லையே எழுதிக்கொண்டேன். ஏதாவது குறை உண்டா என்று கடைசியாகக் கேட்டபோது அந்த அம்மா தானே பதில் சொன்னார்.

"ஒரு கொறையும் இல்லீங்கய்யா. நல்லாப் பாத்துக்கிறாங்க."

பிறகு வெறுந்தேத்தண்ணி வந்தது. மலைநாட்டுச் சனத்துக்குத்தான் தேத்தண்ணியைத் தேத்தண்ணியாக ஊற்றத் தெரியும். ஒரு கடி பனங்கட்டியும் தந்தார்கள். நான் ஒரு மரப்பெட்டியின் மேல் இருந்து ஆறுதலாகக் குடித்தேன். மற்ற வீடுகளில் அழுகையும் மூத்திர நாற்றமும். இங்கே மட்டும் மனிதர்கள் சிரித்தபடி கதைத்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து அந்த வீட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். காலையில் குடியிருப்புக்குள் சைக்கிளை விட்டால் அங்கே போய்ச் சேரப் பிற்பகலாகிவிடும். அரை மணி நேரம் இருந்து கதைத்துவிட்டு வருவேன். அதை ஒரு பெரிய அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதமும் முழுப் புள்ளி. வருகையைக் குறைக்கும் தாளில் கையெழுத்து வைத்தேன். அடுத்த நாளே கடற்கரை அக்கா சைக்கிளை அலுவலக வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, அந்த வீட்டைக் குறைக்காதேங்கோ. அவவுக்குப் புண் ஆறேல்லை. ஆறிக்கொண்டு வாறது மாசத்தில ஒருக்கால் என்னெண்டு தெரியாமல் பழையபடி வெடிச்சுப்போய்க் கிடக்குது."

நான் படிவங்களை எடுத்து மேசையில் பரப்பினேன். அவர் எழுத்துகளைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். அந்த அம்மா கதிரையில் இருந்து என்னோடு சிரித்துக் கதைக்கிறவா அக்கா, நான் கண்ணால் பார்த்தனான் என்றேன்.

"கதிரையிலயோ?" என்று கேட்டார். அவருடைய குரல் முதல் தடவையாகத் தாழ்ந்து போனது. "ஆர் அவவைக் கதிரையில இருத்தினது?"

அந்தக் கேள்வி அன்று எனக்கு விளங்கவே இல்லை. தன்னால் முடியாததை யாரோ செய்துவிட்டார்கள் என்ற எரிச்சல் என்று எடுத்துக்கொண்டேன். வருகை குறைந்தால் இந்தப் பெண்களுக்குப் புது வீடு கிடைக்கும், புது வீடு என்றால் தூரச் சைக்கிள். அதனால் பழைய வீட்டின் நோயைக் கூட்டிச் சொல்வார்கள் என்று மேலதிகாரி முதலே எச்சரித்திருந்தார். அடுத்த முறை நான் அளக்கப் போகும்போது தானும் வருவதாக அக்கா கேட்டார். விதி இடம் கொடாது என்றேன். அப்படியென்றால் சேலையை விலக்கிப் பாருங்கோ தம்பி, வெக்கம் பார்க்காதேங்கோ என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போகலாம் என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லி அனுப்பினேன்.

நான்காவது மாதம் போனேன். மாரி தொடங்கியிருந்தது. அந்த அம்மா கதிரையில்தான் இருந்தார். மெலிந்திருந்தார், கண்ணில் காய்ச்சல் களை. எல்லோருக்கும் மலேரியா வந்துபோன மாதம், அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். சேலையின் கீழ்ப்பக்கத்தில் இலையான்கள் பறந்து வந்து மொய்த்தன. கணவர் பின்னால் நின்று துண்டால் விசுக்கிக்கொண்டே இருந்தார். இலையான் பற்றி என் படிவத்தில் கேள்வி இல்லை. சேலையை விலக்கவும் இல்லை. குறை உண்டா என்று கேட்டேன். ஒரு கொறையும் இல்லீங்கய்யா. தேத்தண்ணி வந்தது. குடித்தேன்.

ஐந்தாவது மாதம் போனபோது கொட்டில் வாசலில் கதிரை மட்டும் கிடந்தது. கணவர் எழுந்து வந்து சைக்கிளைப் பிடித்தார். அம்மா போய் நாலு நாளாகிறது என்றார். காய்ச்சல் நெருப்பாகக் கொதித்ததாம், கடைசி இரண்டு நாளும் ஆளைத் தெரியவில்லையாம். உழவு இயந்திரம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். இன்றைக்கு நான் வரும் நாள் என்பது அவருக்கு நினைவிருந்திருக்கிறது. அதனால்தான் பாலர் பாடசாலை ரீச்சரிடம் கேட்டு அந்தக் கதிரையை வாங்கி வைத்தாராம். அப்போதுதான் தெரிந்தது, அது அவர்களுடைய கதிரையே இல்லை. ஒவ்வொரு மாதமும் எனக்காக இரவல் வாங்கப்பட்டது.

அதில் இருக்கச் சொன்னார். இருந்தேன். முதுகில் ஏதோ உறுத்தியது. திரும்பிப் பார்த்தேன். கதிரையின் முதுகுச் சட்டத்தில் ஒரு சேலைத் துண்டு முறுக்கி முடிந்திருந்தது. அவிழ்க்க மறந்து போயிருந்தார்கள். இது என்ன என்று கேட்டேன்.

அவர் ஒளிக்கவில்லை. கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். இடுப்பில் பிடிமானம் இல்லாததால் சரிந்து விழுந்துவிடுவாராம், அதனால் சேலைக்குள்ளால் கட்டி வைப்பதாம். நான் குடியிருப்புக்குள் வந்துவிட்டேன் என்று காலையில் தகவல் வந்ததும் இருத்திவிடுவார்களாம். நான் வந்து தேத்தண்ணி குடித்துப் போகும் வரைக்கும் இறக்குவதில்லையாம். காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் வரை, ஆறாத அந்தப் புண்ணின் மேல்.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"தோட்டத்துல தொர லயத்து வீட்டுக்கு வந்தா படுத்துக் கெடக்கக் கூடாதுங்க. படுத்துக் கெடந்தா வேலைக் கணக்குல பேர வெட்டிருவாங்க. அவதான் சொன்னா, ஐயா புத்தகத்தோட வர்றாரு, என்னைய நிமித்தி உக்கார வையின்னு."

அக்கா எதுவும் சொல்லவில்லையா என்றேன். ஏசினாராம். கதிரையை விடுங்கோ என்று அழுதாராம். இவர்கள் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறார்கள்.

"அக்கா நல்ல மனுசிங்க. ஆனா அக்காவால பேர வெட்ட முடியாதே. ஐயாவாலதான முடியும்."

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அதைக் குடிக்காமல் எழுந்து போக எனக்குத் தைரியம் வரவில்லை. குடித்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு தேத்தண்ணியை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை, குடிக்கவும் வேண்டாம்.

கடற்கரை அக்கா அடுத்த நாள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உமி மூட்டை நாலையும் சைக்கிள் கரியரில் கட்டியிருந்தார். புது வீட்டுக்குக் கொண்டு போகிறாராம்.

"மாசம் முழுக்க நான் ஆத்தி வைச்ச புண்ணை, மாசத்தில ஒரு நாள் நீங்கள் வந்து கிழிச்சுப்போட்டுப் போயிருக்கிறியள் தம்பி. முதல் மூண்டு மாசமும் ரெண்டு பேருக்கும் தெரியேல்லை."

இரண்டு பேருக்கும் என்று சொன்னாரே, அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. என்னோடு பங்கு போட அவருக்கு ஒரு பாவமும் இருக்கவில்லை. அவர் போன பிறகு படிவக் கட்டின் மேல் தலையை வைத்து அழுதேன். மேலதிகாரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த மாத அறிக்கையில் அந்த வீட்டுக்கு எதிரே 'முழுப் புள்ளி, காலமானார்' என்று இருந்தது. இரண்டும் ஒரே வரியில். யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

கதிரைக் கேள்வியை எடுத்துவிட வேண்டும், பராமரிக்கும் பெண் வரக்கூடாது என்ற விதியையும் எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல யோசனை, இருக்கிற தாள் முடியட்டும் என்றார்கள். அந்தத் தாள்கள் முடிவதாக இல்லை. அதே படிவத்தோடு அடுத்த மாதமும் அதே குடியிருப்புக்குப் போனேன்.

அந்த அம்மாவின் வீட்டில் மிச்சப்படுத்திய நேரம் கொடுக்கப்பட்டது குடியிருப்பின் நடுவில் இருந்த ஒரு வீட்டுக்கு. அங்கே பாரிசவாதம் வந்த ஒரு பெரியவரை அவருடைய மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களும் மலைநாட்டுச் சனம்தான். சைக்கிளை விட்டு இறங்கும்போதே சாம்பிராணி மணத்தது. உள்ளே போனால் கம்பி சுற்றிய அதே கதிரை. பெரியவரைத் தூக்கி அதில் இருத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மகள், மறு பக்கம் மனைவியைப் பறிகொடுத்த அந்த மனிதர். புதிதாகத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு உதவி செய்ய வந்திருந்தார். இந்த விஷயத்தில் அவர்தானே அனுபவசாலி.

"வேண்டாம், படுக்க விடுங்கோ. தயவுசெய்து படுக்க விடுங்கோ" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

மகள் அப்பாவை விடவா பிடிக்கவா என்று தெரியாமல் நின்றாள். பயப்படாதே பிள்ளை என்று அந்த மனிதர் அவளுக்குத் தைரியம் சொன்னார். ஐயா நல்லவர், அப்படித்தான் சொல்லுவார், நாம் நம்முடைய மரியாதையை விடக்கூடாது என்றார். சொல்லிக்கொண்டே சேலைத் துண்டால் பெரியவரைக் கதிரையோடு சேர்த்துக் கட்டினார். பெரியவர் கோணிய வாயால் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

உங்கள் பெயரை யாரும் வெட்ட மாட்டார்கள் என்றேன். படுத்திருந்தால்தான் அக்கா தினமும் வருவா, இருந்தால் வருகையைக் குறைத்துவிடுவார்கள் என்று பொறுமையாக விளக்கினேன். கேட்டார்கள், தலையாட்டினார்கள், ஒருவரும் கட்டை அவிழ்க்கவில்லை. நானே குனிந்து அவிழ்க்கப் போனேன். பெரியவர் நல்ல கையால் என் கையைத் தட்டிவிட்டார்.

வேறு வழி தெரியவில்லை. அங்கே கிடந்த ஒரு பெட்டியின் மேல் அமர்ந்து படிவத்தை எடுத்து மடியில் வைத்தேன். கதிரையில் நிமிர்ந்திருந்த மனிதருக்கு எதிரே ஒன்று என்று போட்டேன். மற்றக் கேள்விகளுக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று போட்டுக்கொண்டே போனேன். நான் செய்த வேலையில் அது ஒன்றுதான் உருப்படியானது என்று நினைத்தேன். தலை நிமிர்ந்தபோது மகள் என் தோளுக்கு மேலால் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இலக்கம் தெரியும். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள்.

அந்த மனிதர் அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய மனைவி செத்த அன்றைக்குக்கூட நான் அந்த முகத்தில் அப்படி ஒரு வருத்தத்தைக் கண்டிருக்க மாட்டேன்.

"நாங்க என்னங்கய்யா கொற வச்சோம்?" என்று கேட்டார்.